தண்ணீர் குடித்ததும் இருமல் வருகிறதே, டாக்டர்!

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் வெகு சிலருக்குப் பிறகு ஒரு சிக்கல் வரும். உணவு போகும் பாதைக்கும் மூச்சு போகும் பாதைக்கும் நடுவில் ஒரு துளை விழுந்துவிடும். மருத்துவமனையில் இதை ஃபிஸ்டுலா என்பார்கள், புத்தகத் தமிழில் புரைவழி. அபூர்வம்தான், ஆனால் இதைப் பற்றி இந்த முறை அடுத்தடுத்து கடிதங்கள் வந்திருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு வயது 62. மூன்று மாதத்துக்கு முன் உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்து இணைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் தேறி வந்தார். இரண்டு வாரமாகத் தண்ணீர் குடித்தால் உடனே புரையேறி இருமுகிறார். கெட்டியாகச் சாப்பிட்டால் அவ்வளவு இல்லை. பக்கத்து கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். "அவசரமாகக் குடிக்காதீர்கள்" என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு இது சகஜம்தானா?

பதில்: சகஜம் இல்லை. இதைப் படித்ததும் ஆபரேஷன் செய்த குழுவுக்குப் போன் செய்து, இன்றே அப்பாவைக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை வாய் வழியாக எதுவும் வேண்டாம், தண்ணீரும்தான். இருமல் மருந்தை நிறுத்திவிடுங்கள். இப்போது அப்பாவின் நுரையீரலுக்கு இருக்கும் ஒரே காவல்காரன் அந்த இருமல்தான், அதைத் தூங்கவைத்தால் உள்ளே போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பீர்கள். மூச்சுக்குழாயின் முன்பக்கமும் பக்கவாட்டும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனவை, ஆனால் அந்த வளையங்கள் முழு வட்டம் இல்லை, பின்பக்கம் திறந்திருக்கும், அங்கே மெல்லிய ஜவ்வுச் சுவர் மட்டும்தான். அந்தச் சுவருக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாய் இருந்தது. அதை எடுத்துவிட்டு, குழாய் போல வெட்டித் தைத்த இரைப்பையைப் பெரும்பாலும் அதே இடத்தில் வைக்கிறோம். தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டு அங்கே சீழ் கட்டினால், அந்தச் சீழ் முன்னால் இருக்கும் ஜவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, நெறிக்கட்டிகளைச் சுத்தமாக எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துபோயிருந்தாலோ, வெட்டவும் ரத்தத்தை நிறுத்தவும் பயன்படுத்தும் கருவியின் சூடு பட்டிருந்தாலோ அந்தச் சுவர் ஏற்கனவே நைந்துதான் இருக்கும். சில மாதம், சில வருடம் கழித்து வருவதும் உண்டு. மேலே இழுத்து வைத்த இரைப்பையில் புண் வந்து ஓட்டை போடலாம், முன்பு வைத்த ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கவோ துளையை மறைக்கவோ உள்ளே வைக்கும் சிறு குழாய்) உரசி உரசித் துளைக்கலாம், நோயே திரும்பி வந்திருக்கலாம். துளை விழுந்த பிறகு குடித்தது மட்டும் நுரையீரலுக்குப் போவதில்லை, எச்சில், அமிலம், பித்தம் எல்லாம் போகும். அதனால்தான் ஒன்றன் பின் ஒன்றாக நிமோனியா வருகிறது.

சரி, இருமல் என்றாலே ஃபிஸ்டுலாதானா? இல்லை. இந்த ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்பட்டாலும் தண்ணீர் புரையேறும். அப்போது குரல் கம்மியிருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே, தலையைக் குனிந்து விழுங்கினால் கொஞ்சம் குறையும். உணவு எதுக்களித்து வரும் இருமல் வேறு மாதிரி. படுத்த பிறகு, நடு இரவில், வாயில் புளிப்போடு வரும். ஃபிஸ்டுலா இருமலோ திரவம் உள்ளே போன சில நொடிகளில், ஒவ்வொரு முறையும் வரும், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, குடித்ததே சளியோடு வெளியே வரலாம், சளி மஞ்சளாகக் கசக்கவும் செய்யலாம். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உறுத்துவது ஒரே ஒரு வரி, நன்றாக இருந்தவருக்கு இரண்டு வாரமாகத்தான் என்பது. மருத்துவரிடம் போய் "இருமல் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, குடித்து எத்தனை நொடியில் வருகிறது, சளி என்ன நிறம், காய்ச்சல் உண்டா, குரல் மாறியிருக்கிறதா, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கிறேன் என்று மறுபடி தண்ணீர் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

அங்கே சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு உணவுப் பாதையிலும் (எண்டோஸ்கோபி) மூச்சுப் பாதையிலும் (ப்ராங்கோஸ்கோபி) கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பயிற்சிக் காலத்தில் ஒருவருக்கு எண்டோஸ்கோபி மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். இரைப்பையின் மடிப்புக்குள் துளை ஒளிந்திருந்தது. நான்கு நாள் கழித்து ப்ராங்கோஸ்கோபியில், மூச்சுக்குழாயின் பின்சுவரில், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. அந்த நான்கு நாளில் அவருக்கு வலது நுரையீரல் முழுக்க நிமோனியா.

இன்னொன்று, சாயம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதாக இருந்தால், குடித்ததும் இருமல் வருகிறது என்பதை அந்த அறையில் இருப்பவரிடம் நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள். வழக்கமாகக் கசிவு பார்க்கக் கொடுக்கும் அடர்த்தியான, நீரில் கரையும் சாய மருந்து நுரையீரலுக்குள் போனால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் நீர்த்த பேரியமோ, அடர்த்தி குறைந்த வேறு சாயமோ கொடுப்பார்கள்.

கேள்வி: என் கணவர் ஆபரேஷன் முடிந்து 24 நாளாக ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மூச்சுக்குழாயில் ஓட்டை என்று கண்டுபிடித்து ஒரு வாரம் ஆகிறது. "இப்போது அடைக்க முடியாது, காத்திருக்க வேண்டும்" என்கிறார்கள். ஓட்டை தெரிந்தும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வேறு இடத்துக்கு மாற்றலாமா?

பதில்: அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. குழாயில் ஓட்டை என்றால் அடைக்க வேண்டியதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சீழ் பிடித்து அழுகிக் கிடக்கும் சதையில் போட்ட தையல் நிற்காது. வெண்ணெயில் ஊசி போட்டு இழுப்பது போலக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், துளை முன்பைவிடப் பெரிதாகும். அதிலும் அவர் வென்டிலேட்டரில் இருந்தால் அது காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கும், புதுத் தையல் அந்த அழுத்தத்தைத் தாங்குவது கஷ்டம். முடிந்தால் முதலில் வென்டிலேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்து பிறகு மூடுவதைத்தான் நாங்கள் விரும்புவோம்.

ஆக இந்தச் சிகிச்சையில் துளையை மூடுவது இரண்டாவது வேலை, நுரையீரலுக்குள் அழுக்கு போவதை நிறுத்துவது முதல் வேலை. காத்திருக்கிறோம் என்று அவர்கள் சொன்னாலும் உள்ளே நிறைய நடந்துகொண்டிருக்க வேண்டும், அது நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். வாய் வழி உணவு முழுக்க நின்றிருக்க வேண்டும். மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் போட்டு அங்கே தேங்குவதை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது தற்செயலாக வெளியே வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி நுழைக்கக் கூடாது, தையலைக் கிழித்துவிடும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மார்புக்குள் சீழ் தேங்கியிருந்தால் வெளியேற்றக் குழாய், கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்கும் மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்தால் அதற்காக உள்ளே விட்டிருக்கும் குழாயின் நுனியில் உள்ள பலூன் துளைக்குக் கீழே நிற்கும்படி இறக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் தள்ளுகிற காற்றில் பாதி இரைப்பைக்குள் போய் அதை ஊதவைத்துவிடும். அப்புறம் சாப்பாடு. இரைப்பை இப்போது மார்புக்குள் இருப்பதால் அதில் கொடுத்தால் அதே துளைக்குத்தான் போகும், எனவே வயிற்றின் மேல் ஒரு சிறு துளை வழியாக நேராகச் சிறுகுடலுக்குக் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்று தோன்றும், ஏனென்றால் உடம்பில் புரதம் இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது. துளை சின்னதாக இருந்து, சீழும் வடிந்து, ஊட்டமும் ஏறினால் சில சமயம் தானாகவே மூடிக்கொள்ளும்.

மாற்றலாமா என்று கேட்டீர்கள். மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள். அதே இடத்தில் மார்பு அறுவை சிகிச்சை நிபுணர், மூச்சுக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பழகியவர், இந்த மாதிரி ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவம் உள்ளவர் இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். இல்லை என்றால், எங்கே இருக்கிறார்களோ அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாற்றுவதாக முடிவானாலும் ரத்த அழுத்தமும் சுவாசமும் நிலையாக இருக்கும் நாளில்தான்.

பின்னால் மூடும் ஆபரேஷன் என்று வந்தால், பெரும்பாலும் வலது மார்பைத் திறந்து, ஒட்டிக்கொண்ட இரண்டு குழாய்களையும் பிரித்து, மூச்சுக்குழாயைச் சரிசெய்து, நடுவில் உயிருள்ள ஒரு தசைத் துண்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசை, முதுகுத் தசை, கழுத்துக்கு அருகில் என்றால் மார்புத் தசை, எது எட்டுகிறதோ அது. அந்தத் தசை ரத்த ஓட்டத்தோடு வருவதால் பலவீனமான சுவருக்கு ஒட்டுப் போட்டது போல இருக்கும், இரண்டு தையலும் ஒன்றை ஒன்று தொடாமலும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: என் தோழியின் மாமனாருக்கு இதே பிரச்சினை. ஸ்டென்ட் வைத்தார்கள், சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். என் அண்ணனுக்கு மட்டும் "ஸ்டென்ட் சரிவராது" என்கிறார்களே, ஏன்?

பதில்: இருவருக்கும் ஒரே பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆபரேஷன் செய்யாத உணவுக்குழாயில் புற்றுநோய் துளைத்துவிட்டால் உறை போட்ட ஸ்டென்ட் அருமையாக வேலை செய்யும், குழாய் ஒடுக்கமாக இருப்பதால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அண்ணனுக்கு அந்த இடத்தில் இருப்பது இரைப்பை. அது அகலம், சுருங்கி விரியும், ஸ்டென்ட் பிடி கிடைக்காமல் நழுவும், ஓரத்தில் எச்சில் இறங்கிக்கொண்டே இருக்கும். துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து, இணைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே என்றால் அங்கே வைக்கலாம், கீழே என்றால் கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு மூச்சுக்குழாய்ப் பக்கமாக வைப்பது சில சமயம் நன்றாக அடைக்கும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் என்றால் தலைகீழான ஒய் வடிவத்தில் இருக்கும் ஸ்டென்ட் உண்டு.

ஆனால் அதற்கும் விலை உண்டு. நோய் திரும்பாத, ஆறக்கூடிய துளையில் உலோக ஸ்டென்டை நீண்ட நாள் விட்டால் அதுவே சதையை அரித்துத் துளையைப் பெரிதாக்கலாம், சதை வளர்ந்து பின்னிக்கொண்டால் எடுப்பதும் பெரும்பாடு. புற்று அல்லாத மூச்சுக்குழாய்ப் பிரச்சினைகளில் உலோக ஸ்டென்டைக் கடைசி வழியாகத்தான் யோசிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. சிலிக்கான் ஸ்டென்டை எடுப்பது அதைவிடச் சுலபம், ஆனால் நகரும், சளி ஒட்டும். இரண்டு பக்கமும் ஸ்டென்ட் வைப்பதும் உண்டு, நடுவில் மாட்டிய சுவர் இரண்டுக்கும் இடையில் நசுங்குமே என்பதுதான் பயம். கிளிப் போடுவது, ஒருவகைப் பசை விடுவது, இதயத்தின் ஓட்டையை அடைக்க உருவாக்கிய குடை போன்ற சாதனத்தை இதற்குப் பயன்படுத்துவது எல்லாம் பார்த்திருக்கிறேன். சின்ன, பழைய துளைகளில் சிலருக்குப் பலித்திருக்கிறது, பெரிய துளையில் நான் நம்பிக்கை வைக்க மாட்டேன்.

கேள்வி: ஆபரேஷன் செய்தவரின் தவறா இது? வழக்குப் போடலாமா?

பதில்: ஒரு கடிதத்தை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இது வருகிறது என்பது உண்மை. வந்த பிறகு எத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், குடும்பத்திடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்களா என்பவை நியாயமான கேள்விகள். ஆபரேஷன் குறிப்பையும் ஸ்கேன் அறிக்கைகளையும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வழக்குக்கு ஆகுமோ இல்லையோ, அடுத்த மருத்துவருக்கு அவை கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி: நோயாளியே எழுதுகிறேன், டாக்டர். துளையைச் சரிசெய்தபோது இரைப்பையைத் திரும்ப வயிற்றுக்குள் இறக்கிவிட்டு, கழுத்தில் எச்சில் வடிய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதில் பை மாட்டியிருக்கிறேன். சாப்பாடு எல்லாம் வயிற்றுக் குழாயில். ஐந்து மாதம் கழித்துப் பெருங்குடலை வைத்து இணைப்பார்களாம். ஒரு வாய் தண்ணீர் குடித்து எத்தனை நாளாயிற்று. இப்படியே எத்தனை காலம்? இந்தக் குழாய் விஷயத்திலும் நிறையப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். கழுத்தில் வெளியே வழி வைத்திருப்பதால் நீங்கள் விழுங்குவது மார்புக்குள் போகவே போகாது, பைக்குத்தான் வரும். எனவே ஒரு மிடறு தண்ணீரை ருசிக்க, சிலருக்கு மென்று ருசித்துத் துப்பக்கூட மருத்துவர் அனுமதி கொடுப்பதுண்டு. குரல் நரம்பு சரியாக இருக்கிறதா, விழுங்கும்போது புரையேறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள். பல பேர் கேட்காமலேயே மாதக்கணக்கில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விழுங்குகிற பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பது பின்னால் செய்யும் ஆபரேஷனுக்கும் உதவும்.

வாய் வழி சாப்பிடாவிட்டாலும் பல் தேய்ப்பதை விடக் கூடாது. வாய்க் கிருமிதான் எச்சிலோடு இறங்கி நுரையீரலைக் கெடுக்கிறது. எச்சில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் சுரக்கலாம், அவ்வளவும் பை வழியாக வெளியே போவதால் அந்த நீரையும் உப்பையும் வயிற்றுக் குழாயில் ஈடுசெய்யச் சொல்வார்கள். தலைசுற்றல், சிறுநீர் குறைதல் இருந்தால் சொல்லுங்கள். கழுத்துத் தோல் வெந்துபோகாமல் இருக்க, பையின் ஓட்டை உங்கள் வழியின் அளவுக்கு இருக்க வேண்டும், பெரிதாக வெட்டினால் எச்சில் தோலில் நிற்கும்.

சிறுகுடலுக்குப் போகும் வயிற்றுக் குழாய் மெல்லியது, சுலபமாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை உணவுக்கு முன்னும் பின்னும், மருந்துக்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள். மாத்திரையைப் பொடித்துப் போடுவதைக் கூடியமட்டும் தவிர்த்து, திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. சிறுகுடலுக்கு இரைப்பை போலச் சேர்த்துவைக்கும் இடம் இல்லை, மொத்தமாக ஊற்றினால் வயிற்றைப் பிடித்து இழுத்துப் பேதியாகும், பம்ப் வைத்தோ சொட்டாகவோ நிதானமாகத்தான் போக வேண்டும். அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். குழாய் கழன்று வெளியே வந்துவிட்டால் "நாளைக்குப் போகலாம்" என்று இருக்க வேண்டாம், அந்த வழி சில மணி நேரத்திலேயே சுருங்கி மூட ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் அடுத்த ஆபரேஷன் தள்ளிப்போகும், அதனால் உங்களுக்கு இந்த ஐந்து மாதத்தில் இருக்கும் ஒரே வேலை எடை ஏற்றுவதும் நடப்பதும்தான். புகை பிடிக்கும் பழக்கம் இருந்தால் அது முடிந்துபோன கதையாக இருக்கட்டும்.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். 1913-ல் ஃபிரான்ஸ் டோரெக் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பெண்மணியின் உணவுக்குழாயை மார்பு வழியாக எடுத்தார். உள்ளே இணைக்கத் தெரியாத காலம் அது. கழுத்தில் ஒரு வழி, வயிற்றில் ஒரு வழி, இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்துக்கொண்டு அந்த அம்மா சாப்பிட்டார், அப்படியே பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது, தேதியே குறித்திருக்கிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம். இப்போது வந்திருக்கும் துளை, நோய் திரும்பி வந்ததால் என்று பயாப்ஸியில் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், ஸ்டென்ட் மட்டும் வைக்கலாம் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

பதில்: பயாப்ஸி எடுத்துப் பார்த்தது சரியான காரியம். தாமதமாக வரும் துளையில் அதைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. நோய் திரும்பிய இடத்தில் மார்பைத் திறந்து தைத்தால் தையல் ஆறாது, அம்மா மீதமிருக்கும் காலத்தை ஐ.சி.யூ.வில் கழிக்க நேரிடும். அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்பது கைவிடுவது இல்லை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்தால் ஒவ்வொரு வாய் எச்சிலுக்கும் இருமி இருமித் தவிப்பது நிற்கும், சிலர் மறுபடி கொஞ்சம் குடிக்கவும் செய்வார்கள். ஆனால் துளையோடு சேர்ந்து வந்த நோய் வளர்ந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு இனி வருடக் கணக்கில் பேச முடிவதில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

இப்போதே வலி நிவாரண சிகிச்சைக் குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் உதவும், அடிமையாகிவிடுவாரோ என்ற கவலை இந்த இடத்தில் வேண்டாம். நிமோனியா மறுபடி வந்தால் வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா என்று அம்மாவிடமே கேளுங்கள், நல்ல நாளாகப் பார்த்து, அவசரம் இல்லாத நேரத்தில். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு அவரிடம் மறைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

கேள்வி: மூச்சுக்குழாயில் ஸ்டென்டோடு தம்பி வீட்டுக்கு வருகிறான். நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: திடீர் மூச்சுத் திணறலுக்கு. ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் சளி தானாக மேலேறி வராது, காய்ந்து கட்டியாகி அடைத்துக்கொள்ளும். சொன்னபடி உப்பு நீர் நெபுலைசரைத் தினமும் கொடுங்கள், நன்றாக இருக்கிறான் என்று ஒரு வேளைகூட விடாதீர்கள். மூச்சில் விசில் சத்தம், சளி வெளிவராமல் திணறுவது, நின்றிருந்த இருமல் குடிக்கும்போது திரும்புவது, இருமலில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. எந்த வகை ஸ்டென்ட், எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில், யார் வைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அவன் சட்டைப் பையில் ஒன்றும் உங்கள் போனில் ஒரு படமுமாக வையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் யாராவது செயற்கைச் சுவாசக் குழாய் போட வந்தால், போடுவதற்கு முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.